வாக்குப்பெட்டிக்குப் பின்னால் நடந்த அண்ணி

எங்கள் வீட்டுக்குள் வலதுகாலை எடுத்து வைத்ததும் அண்ணி செய்த முதல் காரியம், அம்மாவின் கையை இழுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டதுதான். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா பதறிப்போனாள். புதுப்பெண்ணுக்குக் காய்ச்சல், அதைச் சொல்லத் தெரியாமல் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். “பாப்பா, உள்ள போய் சுக்குக் கஷாயம் வைடி. பொண்ணுக்கு ஒடம்பு சூடா கீது” என்று என்னை விரட்டினாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பிலிப்பைன்ஸில் பெரியவர்களைக் கண்டால் இப்படித்தான் கையை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வார்கள், நாம் காலில் விழுகிற மாதிரி என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் கஷாயம் கொதித்துவிட்டது. அண்ணி அதை முகம் சுளிக்காமல் குடித்தாள். எங்கள் ஊரில் மருமகளை வரவேற்கும் முறை அது என்று நினைத்தாளாம்.

அது தொண்ணூறாம் வருஷம். அண்ணனுக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர் வேலை. மணிலாவில் கப்பல் பழுதுபார்க்க நின்றபோது மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில் இவன் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த பெண்தான் அண்ணி. கல்யாணம் அங்கேயே ஒரு தேவாலயத்தில் நடந்தது. எங்களுக்குப் போட்டோ மட்டும் வந்தது. அம்மா அந்தப் போட்டோவை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, “மூக்கு கொஞ்சம் சப்பை. கண்ணு நல்ல கண்ணு” என்று தீர்ப்புச் சொல்லி சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதோடு எதிர்ப்பு முடிந்தது. அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை, ஆனால் கோபத்தை நீட்டி வைத்துக்கொள்ளத் தெரியாது.

சிட்லபாக்கத்தில் எங்கள் நெல்வயலெல்லாம் ப்ளாட்டாகிப்போனபின் மிச்சமிருந்த மனையில் கட்டிய வீடு அது. அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பான். ஆக, வீட்டில் மூன்று பெண்கள். நான் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவேன். பகலெல்லாம் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். அதன் விளைவு, அண்ணிக்குத் தமிழ் வந்தது, ஆனால் அம்மாவின் தமிழாக வந்தது. “அத்தை, இன்னா கொழம்பு வெச்சிகினு கீறீங்க?” என்று அவள் கேட்டபோது கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார். நான் அண்ணியிடம், “‘என்ன குழம்பு வைக்கிறீங்க’ன்னு சொல்லணும்” என்று திருத்துவேன். அவள் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு, “அத்தை சொல்றதுதான் வாய்க்கு நல்லா கீது” என்பாள். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

கோடையில் மின்சாரம் போனால் மூன்று பேரும் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வோம். அம்மா முறத்தில் மணிலாக்கொட்டையைக் கொட்டிக்கொண்டு உரிப்பாள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். உங்கள் ஊர்ப் பெயரைத்தான் நாங்கள் காலங்காலமாகத் தின்கிறோம் என்று அண்ணியைச் சீண்டுவேன். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் அம்மா கேட்டாள், “உங்க ஊரையும் வெள்ளக்காரன்தான் ஆண்டானா?”

“ரெண்டு பேர் அத்தை. மொதல்ல ஸ்பெயின்காரன், முந்நூறு வருஷத்துக்கு மேல. அப்புறம் எங்க ஆளுங்க சண்டை போட்டு, கொடி ஏத்தி, சுதந்திரம்னு சொல்லிட்டாங்க. ஆனா ஸ்பெயின்காரன் எங்களை அமெரிக்காகாரனுக்கு வித்துட்டான்.”

அம்மாவின் கை நின்றது. “இன்னாது, வித்துட்டானா?”

“ஆமா. ரெண்டு பேரும் எங்கியோ ஒக்காந்து பேசி, காசு வாங்கிகினு எழுதிக் குடுத்துட்டான்.”

“குடியிருக்கற ஜனங்களோட சேத்தா?”

“ஜனங்களோட சேத்து.”

அம்மாவால் அதை ஜீரணிக்க முடியவில்லை. அவளும் நிலம் விற்றவள். “நெலத்தை வித்தா மாட்டை அவுத்து ஓட்டிகினு வந்துடுவோம். மாட்டுக்குக் கீற மரியாதை கூட இல்லியா?” என்றாள். நான் அமெரிக்க அரசியலமைப்பைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலம் அது. சுதந்திரம், சமத்துவம் என்று அதில் வரும் வரிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிலிப்பைன்ஸ் என்ற சொல் என் பாடப்புத்தகங்களில் ஓரிடத்திலும் இருந்ததாக நினைவில்லை.

அமெரிக்கர்கள் கடைசியில் விடுதலை கொடுத்தது ஒரு ஜூலை நான்காம் தேதி. அது அவர்களுடைய சொந்தச் சுதந்திர நாள். “அவன் பொறந்தநாள்ல எங்களுக்குப் பேரு வெச்சான்” என்றாள் அண்ணி. பின்னாளில் இவர்கள் அதை மாற்றி, தாங்களே முதலில் கொடியேற்றிய ஜூன் பன்னிரண்டையே சுதந்திர நாளாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜூன் பன்னிரண்டுக்கும் அண்ணி சேமியாவைப் போட்டுக் காய்கறியும் கோழியும் கலந்து வதக்கி ஒரு பதார்த்தம் செய்வாள். அங்கே அதற்கு வேறு நூடுல்ஸ், இங்கே கிடைத்தது சேமியாதான். அம்மா முதல் வருஷம் மோந்து பார்த்தாள். அடுத்த வருஷம் கொத்தமல்லித் தழை தூவச் சொன்னாள். அதற்கடுத்த வருஷம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்பி, “எங்க மருமவ ஊருக்கு இன்னிக்கு சுதந்திரம்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தேர்வுக்குப் படிக்கிற சாக்கில் அவர்கள் அரசாங்க முறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், தேர்வில் அது வராது என்று தெரிந்தே. அங்கே ஜனாதிபதியை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு வருஷம், ஒரே தடவைதான், மறுபடி நிற்க முடியாது. “நல்ல சட்டம். நான் எவ்ளோ வருஷமா சமைக்கறேன், எனக்கு யாரு அப்படி எழுதிக் குடுத்தா?” என்றாள் அம்மா. துணை ஜனாதிபதிக்குத் தனியாக ஓட்டு, அவர் எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம் என்றதும் அம்மா என்னைப் பார்த்து, “ஒரே வூட்ல மாமியாரும் மருமவளும் மாதிரி. சண்டை போட்டுகினே நடத்துவாங்க” என்றாள். ஆனால் அம்மாவைத் திகைக்க வைத்தது வேறு. அங்கே சீட்டில் சின்னமே கிடையாது, பிடித்தவர்களின் பெயர்களை ஓட்டர்களே ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டும். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுத வரும். “நமக்குச் சின்னம்தான் சரி” என்று எழுந்து விளக்கேற்றப் போய்விட்டாள்.

எண்பத்தாறு பிப்ரவரியைப் பற்றி அண்ணி ஒரே ஒரு தடவைதான் முழுசாகச் சொன்னாள். பல வருஷமாக நாற்காலியை விடாத ஒரு ஜனாதிபதி திடீரென்று தேர்தல் வைத்தார். அண்ணி அப்போது கல்லூரி மாணவி, வாக்குச்சாவடியில் முறைகேடு நடக்காமல் காவல் நிற்கும் தொண்டர்களில் ஒருத்தி. காலையிலேயே ஜனங்கள் அழுதுகொண்டு திரும்பினார்களாம், பட்டியலில் பெயரே இல்லை என்று. சாயங்காலம் எண்ணி முடிக்கிறவரை இவர்கள் கைகோத்துப் பெட்டியைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அப்படியும் ஜெயித்ததாக அவரே அறிவித்துக்கொண்டார். அதன் பிறகுதான் ஊரே வந்து மணிலாவின் பெரிய சாலை ஒன்றில் உட்கார்ந்தது. எதிரே டாங்கிகள் வந்து நின்றன. முன்வரிசையில் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு மண்டியிட்டார்கள். அண்ணி அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

“சோறு?” என்று கேட்டாள் அம்மா. “அவ்ளோ ஜனத்துக்கும் சோறு?”

“எல்லார் வூட்லேந்தும் வந்துச்சு அத்தை. எங்கம்மா பெரிய குண்டான்ல எடுத்தாந்தாங்க. டேங்கு மேல கீற சோல்ஜருங்களுக்கும் குடுத்தோம்.”

“சுட வந்தவனுக்கா?”

“அவனுக்கும் பசிக்குமே.”

அவர்கள் சுடவில்லை. அந்த ஜனாதிபதி ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார். இருட்டில் அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு அண்ணிக்குப் பெரிய மீன்துண்டாகப் பார்த்துப் போட்டாள் என்பது மட்டும் தெரியும்.

அண்ணி வந்தபிறகு வந்த முதல் தேர்தலில்தான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம், அதுதான் வாக்குச்சாவடி. ஓட்டுப்பதிவு முடிந்து, பெட்டிகளுக்கு அரக்கு வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் நானும் எங்கள் வீட்டு கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்தோம்.

“எண்ணி முடிச்சாச்சா?” என்றாள்.

“இல்ல அண்ணி, இங்க எண்ண மாட்டாங்க. வேற ஊர்ல, வேற நாள்ல.”

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். அவள் ஊரில் ஓட்டுப் போட்ட வகுப்பறையிலேயே எண்ணிவிடுவார்கள். டீச்சர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படிப்பார், இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு கோடாகப் போடுவார், ஊர் ஜனம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணாத பெட்டி வாசலைத் தாண்டிப் போவதை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. “கூட யார் போறாங்க?” என்றாள். போலீஸ் போகும் என்றேன். “ஜனங்க?” என்றாள். “ஜனங்க வீட்டுக்குப் போய் டி.வி. பார்ப்பாங்க” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து உள்ளே ஓடினேன். லாரி புறப்பட்டது. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தாள்.

அம்மாவுக்குச் செய்தி வந்தது எதிர்வீட்டிலிருந்து: “உங்க மருமவ மெயின் ரோட்டுப் பக்கம் வேகவேகமா போய்கினு கீறாங்க, முகமே சரியில்ல.” அன்று காலையில்தான் கருவாடு கருகியதற்காக அண்ணியை அம்மா நன்றாகத் திட்டியிருந்தாள். அவ்வளவுதான். முந்தானையைச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, அம்மா ஓடினாள். அம்மா பின்னால் நான் ஓடினேன். மெயின் ரோடு திருப்பத்தில் லாரி பஸ்களுக்கு நடுவே மறைந்துபோயிருந்தது. அண்ணி ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நான் இன்னா சொல்லிட்டேன்னு கெளம்பிட்ட? ஒரு கருவாட்டுக்கா?”

“பெட்டி தனியா போவுது அத்தை. யாருமே கூடப் போவல.”

அண்ணிக்குக் கருவாடு ஞாபகமே இல்லை. நான்தான் நடுவில் நின்று இவளுக்கு அதையும் அவளுக்கு இதையும் விளக்கினேன். பக்கத்து டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. வீடு வரும்வரை மணிக்கட்டை விடவும் இல்லை. போகக்கூடியவள் இவள், ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவாள் என்ற பயம் அன்றைக்குத்தான் அவளுக்குள் போய் உட்கார்ந்தது.

அந்தப் பயத்துக்குத் தீனி வருஷா வருஷம் கிடைத்தது. அண்ணி வெளிநாட்டுக் குடிமகள். ஒவ்வொரு வருஷமும் நகரத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போய், இன்னும் ஒரு வருஷம் இங்கே இருக்கலாம் என்று முத்திரை வாங்க வேண்டும். அதற்காக ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விலாசம் சரிபார்ப்பார். பாவம், நல்ல மனிதர். அம்மா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு, “பாஸ்போர்ட் இருக்காம்மா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். அவர் போனபிறகு அம்மா வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு வருவாள். அதற்குள் அண்ணிக்கு ஒரு பெண்குழந்தையும் பிறந்திருந்தது. “ஒரு வருஷம் முத்திரை குத்த மாட்டேன்ட்டான்னா? கொயந்தையைத் தூக்கிகினு போயிடுவாளே. உங்கண்ணன் எந்தக் கடல்ல கீறானோ” என்று என்னிடம் புலம்புவாள்.

ஐந்து வருஷம் ஆனதும் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அண்ணி இந்தியக் குடியுரிமை வாங்கிவிட வேண்டும். விடுமுறையில் வந்த அண்ணன் விண்ணப்பம் வாங்கி வந்தான். இந்தியாவில் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாது. பழைய நாட்டை விட்டுவிடுகிறேன் என்று அண்ணி எழுதித் தர வேண்டும். மற்றதையெல்லாம் பூர்த்தி செய்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. அண்ணன் லீவு முடிந்து கப்பலுக்குப் போனான், அப்போதும் கையெழுத்துப் போடவில்லை.

“இங்கதான் கீறேன் அத்தை, எங்கியும் போவ மாட்டேன்” என்று அண்ணி கெஞ்சினாள். “ஆனா அதை விடறேன்னு எழுதணுமே. நாங்க ரோட்ல நின்னப்புறம்தான் நாட்டுக்கே புதுசா அரசியல் சட்டம் எழுதினாங்க. வேணுமா வேணாமான்னு ஜனங்களையே கேட்டாங்க, வேணும்னு என் கையால எழுதிப் போட்டேன். வேற நாட்டு ஆளைக் கட்டினாலும் உன் குடியுரிமை போவாது, நீயா விட்டாத்தான் போவும்னு அதுலயே கீது அத்தை. நானா எப்படி விடறது?”

“இனிமே அங்க போய் ஓட்டா போடப் போற?” என்றாள் அம்மா.

அது குரூரமான கேள்வி, ஏனென்றால் உண்மையான கேள்வி. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஓட்டுப் போட அப்போது அவர்களுக்கு வழி கிடையாது. இங்கே ஓட்டு இல்லை, அங்கே இருந்தும் இல்லை. அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். எனக்கு அம்மாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மாவுக்கோ, அண்ணி கையெழுத்துப் போடாத ஒவ்வொரு நாளும், அவள் பாதி மூட்டை கட்டிவிட்ட மாதிரிதான் இருந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், ஆனால் குழம்பு, பால், துணி என்ற அளவில். ஜூன் பன்னிரண்டு வந்துபோனது. அம்மா கொத்தமல்லித் தழை கேட்கவில்லை.

அடுத்து ஒரு தேர்தல் வந்தது. அம்மாவுக்கு ஓட்டுப் போடுவது நாள்கிழமை மாதிரி. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, சமையலையும் முடித்துவிட்டுத்தான் போவாள். நான் காலையிலேயே போட்டுவிட்டேன். மத்தியானம் போன அம்மா போன வேகத்தில் திரும்பி வந்து, கூடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இடதுகை ஆள்காட்டி விரலை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலில் மை இல்லை.

“என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்களாம். பேருக்கு நேரா கோடு கிழிச்சு கீது. நீங்க ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டீங்கம்மான்றான். வெரலைக் காட்டினேன். பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, நகருங்கன்றான்.”

“போனாப் போகுது விடும்மா, ஒரு ஓட்டுதானே” என்றேன். அரசியல் அறிவியல் படித்த லட்சணம்.

அம்மா அழுதாள். அப்பா போனபோதுகூட ஆட்களுக்கு முன்னால் அப்படி அழாதவள். “நான் யாருக்குப் போடறேன்னு உங்கப்பாவுக்கே சொன்னதில்லடி. கேட்டுக் கேட்டுப் பாப்பாரு. சொல்ல மாட்டேன். அது ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு இருந்துச்சு.”

மாடிப்படியில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இறங்கி வந்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, அம்மாவின் செருப்பை எடுத்து அவள் காலருகே போட்டாள்.

“எழுந்திருங்க அத்தை. போலாம்.”

“போய் இன்னா பண்றது? அதான் போட்டுட்டாங்களே.”

“எனக்குத் தெரியாது. ஆனா வூட்ல ஒக்கார முடியாது.”

அந்த நேரத்தில்தான் என் படிப்பு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உதவிக்கு வந்தது. இப்படி ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டுவிட்டால், உரியவர் தன்னை நிரூபித்துவிட்டுத் தனியாக ஒரு சீட்டு கேட்கலாம், டெண்டர் ஓட்டு என்று பெயர் என்று எங்கோ ஒரு வரி படித்திருந்தேன். அது பெட்டிக்குள் போகாது, தனி உறையில் இருக்கும், கோர்ட் உத்தரவு இல்லாமல் எண்ணவும் மாட்டார்கள். அதையும் சொன்னேன். எண்ண மாட்டார்கள் என்றதும் அம்மா மறுபடி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரேஷன் கார்டை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஓட்டில்லாத அண்ணி அங்கேயே நின்றாள். ஓட்டுப் போட்டுவிட்ட நானும் குழந்தையோடு நின்றேன். அம்மா தனியாக உள்ளே போனாள். உள்ளே நடந்ததை அவளே பிற்பாடு நூறு தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். “டெண்டர் ஓட்டு குடு” என்றாளாம். முதலில் கைவிரித்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தைத் தேட வேண்டும், நேரமாகும் என்றிருக்கிறார்கள். “தேடு. எனக்கு வூட்ல வேலை ஒண்ணும் இல்ல, சமைச்சு வெச்சிட்டுத்தான் வந்தேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். கடைசியில் வயதான அதிகாரி ஒருவர் அப்பா பெயர், வீட்டு எண் எல்லாம் கேட்டுச் சீட்டைக் கொடுத்திருக்கிறார்.

வெளியே நாங்கள் காத்திருந்தோம். அண்ணியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் என்று நினைக்கிறேன். அம்மா வாசலில் தெரிந்தாள். தூரத்திலிருந்தே இடதுகையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள், விரலில் மை ஈரம் காயாமல் மின்னியது. கோட்டைத் தாண்டியதும் அண்ணி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நெடுநேரம் எடுக்கவே இல்லை. அவள் நிமிர்ந்தபோது இரண்டு புருவத்துக்கும் நடுவில், சற்றுக் கோணலாக, ஊதா நிறத்தில் ஒரு தீற்றல்.

“ஐயோ, மை!” என்று அம்மா முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். அது போகிற மையா? துடைக்கத் துடைக்கக் கறுத்தது. அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். அம்மா நகரவில்லை. “பெட்டி எப்போ கெளம்பும்?” என்றாள்.

பொழுது சாய்கிற நேரம். பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். உறைகளையும் எடுத்து வைத்தார்கள். எங்கள் லாரி புறப்பட்டதும் அம்மா நடந்தாள், பக்கத்தில் அண்ணி நடந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். “எங்கம்மா கெளம்பிட்டீங்க?” என்று யாரோ கேட்டார்கள். “என் ஓட்டு போவுது, கூடப் போறேன்” என்றாள் அம்மா. மெயின் ரோடு திருப்பம் வரைதான் எங்களால் முடிந்தது. அங்கே லாரி வேகமெடுத்துப் போய்விட்டது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“அதை எண்ண மாட்டாங்கன்னு தெரியும். ஆனாலும் யாருன்னா வந்து ‘விட்டுட்டேன்னு எழுதிக் குடு’ன்னு கேட்டா, குடுக்க மாட்டேன்” என்றாள். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பாமலேயே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்தக் கையெழுத்து வேணாம். வருஷா வருஷம் நானும் கூட வரேன். ரெண்டு பேருமா போய் முத்திரை வாங்கினு வருவோம்.”

அண்ணி அம்மாவின் தோளில் சாய்ந்து விம்மினாள். எனக்கும் அழுகை வந்தது. குழந்தை எங்களைப் பார்த்துவிட்டு அதுவும் ஆரம்பித்தது.

அந்த வருஷ முத்திரைக்கான நாள் சீக்கிரமே வந்தது. மூன்று பேருமாக ரயிலேறிப் போனோம். மை அப்போதும் நெற்றியில் இருந்தது, லேசாக வெளிறி. மேஜைக்குப் பின்னாலிருந்தவர் பாஸ்போர்ட் படத்தையும் அண்ணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நெத்தியில என்னம்மா அது?”

“ஓட்டு மை சார்” என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இவங்க ஃபாரினர். ஓட்டுப் போட்டாங்களா?”

“அவ எங்க சார் போட்டா? அது என் ஓட்டு.”

விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மனிதர் சிரித்துவிட்டார். முத்திரை குத்தி பாஸ்போர்ட்டை நீட்டியபடி, அக்கறையாகத்தான் கேட்டார்: “ஏம்மா, இத்தனை வருஷம் ஆச்சு, பேசாம இவங்க சிட்டிசன்ஷிப்பே வாங்கிடலாமே? இந்த வயசுல நீங்க எதுக்கு வெயில்ல அலையறீங்க?”

அம்மா பாஸ்போர்ட்டை வாங்கி, முந்தானையில் ஒரு தடவை துடைத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அது அவ ரோட்ல நின்னு வாங்கினது சார். தனியா அனுப்பக் கூடாது, அதான் கூட வரேன்” என்றாள்.